பொதுவில் ஒரு மீக்கணினி: பள்ளி ஆசிரியரின் பங்கு

(ஸ்ரீரங்கத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாள்தோறும் நீங்கள் கைப்பேசியில் மாணவர் வருகையைப் பதிவு செய்கிறீர்கள். மாநிலம் முழுமைக்குமான கணக்கைக் கூட்டுவது உங்கள் கைப்பேசி அன்று. எங்கோ இருக்கும் சர்வர். அது எந்த ஊரில் இருக்கிறது, அதனுள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்க வேண்டிய முறையில் கேட்டால் பதில் வருகிறது. வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வைக்காமல் மின்வாரியத்திடம் இணைப்புப் பெறுகிறோம் அல்லவா? கணிப்புத் திறனையும் அவ்வாறு பெறுவதே சேவை வழிக் கணிப்பு.

உயர்கல்வியிலும் ஆய்விலும் இது எப்படி நடக்கிறது என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டாம். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி வரை சென்றால் போதும். அங்குள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்னும் மீக்கணினி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். செலவு 19 கோடி ரூபாய்.

838 டெராஃப்ளாப்ஸ் என்பதை வகுப்பில் எப்படி விளக்குவது? ஒரு நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் என்று பொருள். ஒரு மாணவர் உண்ணாமல் உறங்காமல் நொடிக்கு ஒரு கணக்கு வீதம் போட்டால், அந்த ஒரு நொடி வேலையை முடிக்க ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஓராண்டில் சுமார் 3 கோடியே 15 லட்சம் நொடிகள் என்பதைக் கொண்டு மாணவர்களே இதை வகுத்துப் பார்க்கலாம்.

'பரம்' என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கும் மீக்கணினிகளின் குடும்பப் பெயர். 1980-களில் அமெரிக்காவின் கிரே மீக்கணினியைப் பெறுவதில் நமக்குத் தடைகள் எழுந்தன. சொந்தமாகச் செய்வோம் என்று 1988-ல் சி-டாக் தொடங்கப்பட்டது. 1991-ல் 'பரம் 8000' வந்தது. பின்னர் பல நகரங்களின் கணினிகளை ஒன்றாகப் பிணைக்கும் 'கருடா' திட்டம் வந்தது. 2010-ல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் அதிவேகத் தடத்தால் இணைத்தது. 2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய மீக்கணிப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டது. பரம் பொருள் அந்த இயக்கத்தின் கீழ் வந்ததே.

ஒவ்வொரு கல்லூரியும் 19 கோடி செலவிட முடியுமா? விலையோடு முடிவதும் இல்லை. மின்சாரம் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், சூட்டைத் தணிக்க வேண்டும். பரம் பொருளில் செயலிகளை ஒட்டியே குளிர்திரவம் ஓடிச் சூட்டைக் கொண்டுசெல்கிறது. இதனால் மின்செலவு குறைகிறது. இத்தனையும் ஓரிடத்தில் இருந்து, பலர் பயன்படுத்துவதே அறிவுடைமை.

பலர் பயன்படுத்தும்போது முறை வேண்டும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதை நித்தம் பார்க்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துத்தானே வாய்க்காலில் விடுகிறார்கள்? மீக்கணினியிலும் அப்படியே. ஆய்வாளர் தம் மடிக்கணினியிலிருந்து உள்நுழைகிறார். எந்த நிரல் ஓட வேண்டும், எத்தனை செயலிகள் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதித் தருகிறார். அதை வரிசையில் வைத்து, இடம் கிடைக்கும்போது ஓட்டுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. தேவைக்கு மேல் நேரம் கேட்டால் காத்திருப்பு நீளும். குறைத்துக் கேட்டால் வேலை பாதியில் நிறுத்தப்படும். சிறிய வேலைகள் இடையில் கிடைக்கும் இடைவெளியில் நுழைந்து முடிந்துவிடும். ஆகவே, தன் தேவையைச் சரியாக மதிப்பிடத் தெரிந்தவரே இங்கு நல்ல பயனாளர்.

வானிலை, உயிர்த் தகவலியல், மூலக்கூறுகளின் இயக்கம், பொருள் அறிவியல், பாய்ம இயக்கவியல் ஆகிய துறைகளுக்கான மென்பொருள்கள் அதில் நிறுவப்பட்டுள்ளன. நாம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. கணிப்புத் திறனின் ஒரு பகுதியை அருகிலுள்ள கல்வி, ஆய்வு நிறுவனங்களோடு பகிர வேண்டும் என்பது இயக்கத்தின் விதி. கதவு திறந்திருக்கிறது. தட்டுவதற்கு ஆள் வேண்டும். நம் அரசுப் பள்ளியில் படித்து, ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரி, "அது பெரிய இடம், நமக்கில்லை" என்று எண்ணி ஒதுங்கிவிட்டால், பொதுப் பணத்தில் அமைந்த வசதி ஏற்கெனவே வசதி உள்ளவர்களுக்கே போய்ச் சேரும். அந்தத் தயக்கம் கல்லூரியில் தொடங்குவதில்லை. அதைப் போக்குவதையும் நாம் பள்ளியிலேயே தொடங்க வேண்டும்.

கணினி இல்லாமலே தொடங்கலாம். 1 முதல் 400 வரை கூட்டச் சொல்லுங்கள். ஒருவர் தனியாகச் செய்யட்டும். மறுபுறம் எட்டு மாணவர் ஆளுக்கு 50 எண்களைக் கூட்டிச் சீட்டில் எழுதித் தலைவரிடம் தரட்டும். அவர் எட்டு விடைகளையும் கூட்டட்டும். விடை 80,200. அடுத்து நாற்பது பேரை விட்டுப் பாருங்கள். சீட்டு கைமாறவும், நாற்பது விடைகளைத் தலைவர் ஒருவரே கூட்டவும் நேரம் பிடிக்கும். ஆள் ஐந்து மடங்கானாலும் வேகம் ஐந்து மடங்காகாது. மீக்கணினியில் செயலிகளை இணைக்கும் தடம் ஏன் அவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பது அப்போது குழந்தைகளுக்கே விளங்கும்.

நடுநிலை வகுப்புகளில், ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று எழுதி வைத்து, முடித்தபின் ஒப்பிடச் செய்யுங்கள். மேல்நிலையில் 11-ஆம் வகுப்பில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தான் கற்பிக்கிறோம். துவாக்குடியில் ஆய்வாளர்கள் எழுதுவதும் இத்தகைய மொழிகளில்தான். இதை மாணவரிடம் சொல்லுங்கள். தேர்வுக்காகப் படிக்கும் நிரலுக்கும் நம் மாவட்டத்து மீக்கணினிக்கும் உள்ள உறவு தெரிந்தால், பாடம் அவர்களுக்கு அண்மையாகிவிடும்.

பெரிய வேலையைப் பகுதிகளாகப் பிரித்தல், தேவையை அளந்து கேட்டல், முறை வரும்வரை காத்திருத்தல், பொதுப் பொருளைப் பகிர்ந்து பயன்படுத்தல் — மீக்கணினிப் பயனாளருக்கு வேண்டிய இந்த நான்கு பழக்கங்களும் உங்கள் வகுப்பறையில் வளர்பவை. துவாக்குடி வழியே பேருந்தில் செல்லும் மாணவர் அந்த வளாகத்தைப் பார்த்து, "அங்கே எனக்கும் ஒரு முறை உண்டு" என்று எண்ண வேண்டும். அந்த எண்ணத்தை விதைப்பது நம் பணி.