விழா மேசைக்குப் பழைய பாத்திரம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் நாற்பதாவது திருமண நாளை நம் மாடி ஹாலில் கொண்டாடியபோது, உங்களில் பலர் எங்களைவிட மேசையைத்தான் அதிகம் போட்டோ எடுத்தீர்கள். "டெக்கரேஷன் யார்கிட்ட கொடுத்தீங்க சார்?" என்று கேட்டீர்கள். யாரிடமும் கொடுக்கவில்லை. பூவையும் இலையையும் தவிர மேசையில் இருந்த எதுவும் புதிதில்லை. அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார் செயலாளர். வங்கியில் முப்பத்தெட்டு வருடம் கிளார்க்காக இருந்தவனுக்கும் அலங்காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். அதனால் எனக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அலங்காரத்துக்கு ஒருவர் கேட்ட தொகை 18,000 ரூபாய். தெர்மாகோல் எழுத்து, பலூன் வளைவு, பிளாஸ்டிக் பூ. மறுநாள் எல்லாம் குப்பை. எங்களுக்கு ஆனது 5,140 ரூபாய். பழைய பாத்திரக் கடையில் 3,600, ஈயம் பூச 900, பூவுக்கும் வாழை இலைக்கும் 640. இதில் 640 மட்டும்தான் செலவு. மீதி 4,500 வீட்டில் பொருளாக இருக்கிறது. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், தேய்மானம் முழுவதும் கழித்த பிறகும் ஒரு பொருளை 1 ரூபாய் மதிப்பில் கணக்கில் வைத்திருப்பார்கள். பொருள் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உங்கள் பரணில் அப்படி எத்தனை 1 ரூபாய்ப் பொருள்கள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.

இனி மேசைக்கு வருவோம். ஆறடி மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டோம். விரிப்பாக என்னுடைய எட்டு முழ வேட்டி. நீளம் கச்சிதமாக இருந்தது. அதன் நடுவே என் மனைவியின் 1985-ஆம் வருடத்துக் கல்யாணப் புடவையின் ஜரிகைக் கரையை நீளவாக்கில் ஓட விட்டோம். புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோயிருந்தது. கட்ட முடியாது, போடவும் மனசில்லை. கரை மட்டும் நன்றாக இருந்தது.

நடுவில் மூன்று பித்தளைச் சொம்புகளில் சாமந்தியும் மருக்கொழுந்தும். உயரமானவை, அதாவது குத்துவிளக்கும் தூக்குவாளியும், இரண்டு ஓரங்களுக்குப் போயின. எதிரில் உட்காருபவர் முகம் தெரிய வேண்டும் என்றால் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள். ஆழாக்கு, உழக்கு, படி மூன்றையும் வரிசையாக வைத்து வேர்க்கடலை, காராசேவு, முறுக்கு. அஞ்சறைப் பெட்டியில் பாக்கு, ஏலக்காய், கிராம்பு, கற்கண்டு. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் குழந்தைகளுக்கு மிட்டாய். அதுதான் முதலில் காலியானது. கோலி சோடா பாட்டில்களில் ஒவ்வொரு ரோஜா.

ஒன்றுக்கொன்று பொருந்தாதே என்று கவலைப்பட வேண்டாம். பித்தளை என்றால் பெரும்பாலும் பித்தளையாக வைத்துக்கொண்டு, பூவின் நிறத்தை ஒன்றிரண்டோடு நிறுத்திவிட்டால் பத்து வீட்டுப் பொருளும் ஒரு வீட்டுப் பொருள் மாதிரி தெரியும்.

வாங்கும் இடம் பற்றி. சென்னையில் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மூர் மார்க்கெட் இருந்தது. எங்கள் கல்யாணம் நடந்த அதே 1985-ல் அது தீயில் போய்விட்டது. இன்றைக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பழையதைப் போட்டுப் புதியது வாங்கும் எந்தப் பாத்திரக் கடையிலும் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். உருக்கப் போவதற்கு முன் காத்திருக்கும் பாத்திரங்கள் அங்கே மூட்டையாகக் கிடக்கும். எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். "பழங்காலத்துப் பொருள்" என்று கடைக்காரர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் விலையே வேறு.

கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. வெண்கலத்தை விரலால் சுண்டினால் மணி மாதிரி நாதம் நிற்கும். ஊறுகாய் ஜாடியைத் தட்டும்போது சத்தம் மழுங்கலாகக் கேட்டால் எங்கேயோ விரிசல் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அழகைவிட முக்கியம் உடம்பு. ஈயம் பூசாத பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. உலர்ந்த பண்டம் மட்டும் வையுங்கள். பூசும்போது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் விஷம். எங்கள் மேசையில் பாயசம் இருந்த தூக்குவாளி புதிதாக ஈயம் பூசியது. பழைய வண்ணப் பீங்கானிலும் காரீயம் கலந்திருக்கலாம். சில்லு பெயர்ந்த எனாமல் தட்டும் சாப்பாட்டுக்கு ஆகாது. இரண்டையும் பார்வைக்கு மட்டும் வையுங்கள். துலக்குவதற்குப் புளியும் கல் உப்பும் போதும். கழுவிய உடனே துணியால் துடைக்காவிட்டால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும்.

இவ்வளவும் செய்முறை. எனக்கு இதில் எப்படி நாட்டம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2013-ல் சொந்த ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே குடிவந்தோம். பரண் சின்னது. அம்மாவின் பாத்திரங்கள் 22 கிலோ. ஒரே நாளில் எடைக்குப் போட்டேன். வந்த பணத்தில் மிக்சி வாங்கியது போக மிச்சமும் இருந்தது, லாபம் என்றே நினைத்தேன். அதில் அம்மா பொங்கல் வைக்கும் வெண்கலப் பானையும் இருந்தது. கழுத்தில் அம்மா பெயர் வெட்டியிருக்கும். அடுத்த தைக்கு ஊரிலிருந்து வந்த அக்கா, "தம்பி, அம்மா பானை எங்கேடா?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். சண்டை போடவில்லை. ஆனால் அதன் பிறகு ஏழெட்டு வருடம் எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. ஏதாவது ஒரு காரணம் சொல்வார்.

பழைய பாத்திரக் கடைகளுக்குள் நான் நுழைந்ததே அந்தப் பானை எங்கேயாவது கண்ணில் படுமா என்றுதான். கிடைக்கவில்லை. என்றைக்கோ உருகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு கடையிலும் யாரோ ஒரு அம்மாவின் பெயர் வெட்டிய பாத்திரம் கிடந்தது. உருக்கப் போகிறது என்று தெரிந்து விட்டுவிட்டு வர முடியவில்லை. அப்படி வாங்கியவைதான் நீங்கள் பார்த்த சொம்புகள்.

திருமண நாளுக்கு அக்கா வந்திருந்தார். சொம்பில் இருந்த பெயரையும் அதன் கீழே 1957 என்று இருந்ததையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இது யாரு?" என்றார். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். கிளம்பும்போது, "இதை நான் எடுத்துக்கட்டுமாடா?" என்றார். பையில் போட்டுக் கொடுத்தேன். இந்தப் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, பழைய பாத்திரங்களை எடைக்குப் போடுவதற்கு முன் உடன்பிறந்தவர்களுக்கு ஒரு போன் பண்ணுங்கள். அவர்களுக்கு வேண்டாம் என்றால் நம் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டு இரண்டு நாள் பொறுங்கள். இரண்டு, பொங்கல் விழாவுக்கு இந்த வருடம் பேப்பர் தட்டு, வாடகை அலங்காரம் எதுவும் வேண்டாம். யார் வீட்டில் தாம்பாளம், சொம்பு, ஜாடி, படி என்ன இருக்கிறதோ, இரவல் கொடுங்கள். ஒரு பேரேடு போட்டு, பொருள், எடை, வீட்டு எண் எழுதி, கையெழுத்து வாங்கி, விழா முடிந்ததும் துலக்கித் திருப்பித் தருவது என் பொறுப்பு. கணக்கு எழுதத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

போகிக்கு முன் பரணைக் காலி செய்வீர்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு உழக்கு இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.