மலிவான கன்றும் மண் காக்கும் மரமும்

1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய வேளாண் அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கி வைத்தபோது, மரம் நடுதல் நாடு தழுவிய விழாவாயிற்று. ஆயினும், நடுவதற்குரிய கன்றை யார் வளர்ப்பது என்னும் கேள்வி நெடுநாள் கவனிக்கப்படாமலே இருந்தது. வனத்துறையின் நாற்றங்கால்கள் பெரும்பாலும் சிற்றூர்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தன. பாலிதீன் பையில் மண்ணோடு வளரும் கன்று கனமானது. அதனை ஊருக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிச் சத்தம் கன்றின் விலையையே மிஞ்சிவிடும். வழியில் வாடுவன வேறு.

சமூகக் காடு வளர்ப்பினைத் தேசிய வேளாண்மைக் குழு 1976ஆம் ஆண்டு அறிக்கையில் வலியுறுத்திற்று. அதற்கு முன்னரே குஜராத் மாநிலம் சாலையோரங்களிலும் பின்னர் உழவர் நிலங்களிலும் இப்பணியில் இறங்கியிருந்தது. அங்குக் கையாண்ட முறைகளுள் பயன் மிக்கது, கன்று வளர்க்கும் வேலையை ஊரிடமே ஒப்படைத்ததாகும். வித்தும் பையும் துறை வழங்கும். பள்ளிகளும் சிறு உழவர்களும் கன்று வளர்ப்பர். வளர்ந்த கன்றுகளைத் துறை குறித்த விலைக்கு வாங்கி, ஊராருக்கு இலவசமாகவோ சிறு தொகைக்கோ தரும். 1985இல் அமைக்கப்பெற்ற தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியமும் மக்கள் நாற்றங்கால்களுக்கு ஊக்கமளித்தது.

கன்று மலிந்தது, ஆனால் எந்தக் கன்று மலிந்தது என்பதையே அலுவலர்கள் ஆராய வேண்டும். தைல மரத்தின் விதை மிக நுண்ணியது, சேமித்து வைக்கத்தக்கது. கன்று சில மாதங்களில் நடவுக்கு ஆயத்தமாகிவிடும். ஆடுமாடு அதனைத் தின்பதில்லையாதலின் வேலியும் வேண்டா. வேம்பின் நிலை வேறு. அதன் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். மழைக்காலத்தில் பழுக்கும் விதையை உடனே ஊன்றினால், அடுத்த பருவமழை வரை ஏறத்தாழ ஓராண்டு அக்கன்றுக்கு நீர் வார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கொள்முதல் விலை என்றால், நாற்றங்கால் வைப்பவர் எதனைத் தேர்வார்? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தைல மரம் வயல்களை நிறைத்ததற்குச் சந்தையின் ஆசை மட்டுமன்று, இந்தக் கணக்கும் காரணமாகும். எண்பதுகளின் பிற்பகுதியில் கழி விலை சரிந்தபோது ஹரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேச உழவர் பலர் கைசுட்டுக் கொண்டனர்.

கூலி எப்போது கிடைக்கிறது என்பதும் சிறிய செய்தியன்று. கன்று எடுக்கும் நாளில்தான் பணம் என்று விதித்தால், நிலமும் கிணறும் உடையவரே நாற்றங்கால் வைக்க இயலும். அன்றாடக் கூலியில் வாழும் பெண்ணுக்கு அத்தனை மாதம் காத்திருக்க வழியேது? பை நிரப்பும்போது ஒரு பங்கு, முளைத்தபின் ஒரு பங்கு, கோடையைக் கடந்த கன்றுக்கு எஞ்சியது எனத் தவணை வகுத்தால்தான் ஏழைகள் இத்தொழிலில் நிலைப்பர்.

இமயச் சாரலில் மற்றொரு வழி காணப்பட்டது. 1970ஆம் ஆண்டு அலகநந்தா வெள்ளத்திற்குப் பின், காடழிவே பேரழிவைப் பெருக்கிற்று என்பதைச் சமோலி மாவட்ட மக்கள் உணர்ந்தனர். சண்டி பிரசாத் பட் வழிநடத்திய தசோலி கிராம சுயராஜ்ய மண்டலின் முகாம்களில் ஊராரும் மாணவரும் கூடிக் கல்சுவர் எழுப்பிக் கன்றுகளை நட்டனர். எந்த மரம் வேண்டும் என்பதில் தழையும் விறகும் சுமக்கும் பெண்களின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அங்குப் பிழைத்த கன்றுகளின் விகிதம் அரசு நடவுகளில் கண்டதைவிட மிக உயர்ந்திருந்தது.

புதர்ச்செடிகளோ இரு வகைக் கணக்கிலும் இடம்பெறாது போயின. வடநாட்டார் நிர்குண்டி என்னும் நொச்சியைக் கொம்பு ஒடித்து ஓடைக்கரையில் ஊன்றினாலே தழைக்கும். ஆடு அதனைக் கடிக்காது. வேர் மண்ணைப் பற்றும். பையும் வேண்டா, நாற்றங்காலும் வேண்டா. செலவு மிகக் குறைந்த இந்த நடவு பல ஆண்டறிக்கைகளில் காணப்படுவதில்லை. இலக்கு கன்றுகளின் தலைக்கணக்கில் குறிக்கப்படுகிறது. ஊன்றிய கொம்பு கன்றாக எண்ணப்படுவதில்லை! வரப்பும் ஓடைக்கரையும் எத்தனை மீட்டர் நீளம் பசுமையாயின என்று அளக்கும் பத்தி ஒன்றைப் படிவத்தில் சேர்த்தால், கீழ்நிலை அலுவலர் நொச்சியை நாடுவதற்குக் காரணம் கிடைக்கும்.

கன்றை இலவசமாகத் தருவதா, விலைக்குத் தருவதா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. சிறு விலை கொடுத்தவர் கன்றைப் பேணுவார் என்பது ஒரு சாரார் கூற்று. ஆயின் சித்திரை, வைகாசி வெயிலில் ஊர்க் கிணறு வற்றும்போது குடிநீருக்கும் கன்றுக்கும் போட்டி மூள்கிறது. அந்த இரு திங்களுக்கு நீர் வண்டி ஒன்றுக்கும் நீர் வார்ப்பவர் கூலிக்கும் திட்டச் செலவில் இடமுண்டா என்பதை, கன்றின் விலையை முடிவு செய்யுமுன் வட்டார அலுவலகம் பார்த்துக்கொள்வது நலம்.