"அது சோறு சார், இது கணக்கு"
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே விகிதமும் விகிதசமமும் வந்துவிடுகின்றன. 12:18 ஐச் சுருக்குக என்றால் நம் பிள்ளைகள் 2:3 என்று எழுதிவிடுவார்கள். அதையே நான்கு வரி வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. வாசிப்புக் குறைதான் காரணம் என்கிறோம். ஓரளவு உண்மை. ஆனால் நன்றாக வாசிக்கிற பிள்ளையும் தவறுகிறதே!

'2 டம்ளர் அரிசிக்கு 4 டம்ளர் தண்ணீர். 3 டம்ளர் அரிசிக்கு எவ்வளவு?' என் வகுப்பில் பாதிப் பேர் 5 என்று எழுதினார்கள். அரிசி ஒன்று கூடியது, தண்ணீரும் ஒன்று கூடும் என்பது அவர்கள் வாதம். அப்படி எழுதிய ஒரு மாணவியின் அம்மா, விடியுமுன்பே மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறிவிடுபவர். வீட்டில் உலை வைப்பது இந்தப் பிள்ளைதான். "வீட்டுல மூணு டம்ளர் அரிசி போட்டா எவ்வளவு தண்ணி வைப்ப?" என்று கேட்டேன். "ஆறு சார்" என்றாள் உடனே. "அப்ப இங்க ஏன் அஞ்சு?" "அது சோறு சார், இது கணக்கு."

விகிதம் அவள் கையில் இருக்கிறது. அதை வகுப்பு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரும்படி நாம்தான் பழக்கியிருக்கிறோம். 'மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி' என்று சொல் பார்த்துச் செய்யும் வழி கீழ் வகுப்புகளில் உதவுவதுபோல் தெரியும். விகிதத்தில் அது கைவிட்டுவிடும்.

5 தவறு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வழியிலேயே பின்னால் போகச் சொன்னேன். 2 க்கு 4, 1 க்கு 3, 0 வுக்கு 2. அரிசியே போடாமல் 2 டம்ளர் தண்ணீர்! வகுப்பு சிரித்தது. பிறகு 'ஒரு டம்ளருக்கு எவ்வளவு?' என்ற கேள்வியை அவர்களே கேட்டார்கள்.

அடுத்த சிக்கல் பகுதிக்கும் முழுமைக்கும் இடையே வருவது. நம் போடிப் பக்கத்து ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் 1 கிலோ காய்ந்த காய் கிடைக்கும். காய்ந்த காய்க்கும் வெளியேறிய ஈரத்துக்கும் என்ன விகிதம்? பலர் 1:5 என்பார்கள். கரும்பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள். ஒன்று காய், நான்கு ஈரம். ஆகவே 1:4. பச்சைக் காய் 30 கிலோ என்றால் ஒரு கட்டம் 6 கிலோ. காய் 6, ஈரம் 24. சூத்திரமே வேண்டியதில்லை. இதே காயில் 'ஒரு கிலோ பச்சைக் காய்க்கு 200 கிராம்' என்று சொல்லி விகிதம் கேளுங்கள். 1:200 என்று எழுதுபவர் கட்டாயம் இருப்பார். ஓரின அலகு பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கம்பம், கூடலூர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கொடிக்கு அடிக்கும் போர்டோ கலவையையும் சொல்லுங்கள். 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. 15 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு? ஒவ்வொன்றும் 150 கிராம். சுண்ணாம்பைக் குறைத்து மயில்துத்தத்தை மட்டும் கூட்டினால் இலை கருகும். அப்பா கடன் வாங்கிப் போட்ட தோட்டம் அது என்பதால், இந்தக் கணக்கில் கடைசி பெஞ்சும் கையைத் தூக்குகிறது.

எல்லாவற்றுக்கும் பெருக்கல்தான் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடவும் கூடாது. அண்ணனுக்கு 12 வயது, தம்பிக்கு 6. விகிதம் 2:1. ஆறு ஆண்டு கழித்து? 18, 12. விகிதம் 3:2 ஆகிவிட்டது. வித்தியாசம் மட்டும் அதே 6. சோற்றுக் கணக்கையும் வயதுக் கணக்கையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கொடுத்து, எதில் எது மாறாமல் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பாடவேளை முழுக்க வாக்குவாதம் நடக்கும். நடக்கட்டும்.

6 பேர் 4 நாளில் கவாத்து முடிக்கும் தோட்டத்தை 12 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்றால், 8 என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அது ஏழாம் வகுப்பு எதிர் விகிதம். அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.