சந்து செய்தல் கோழைத்தனமா?



என் சிறு பராயத்தில் எங்கள் ஊரில் நடந்த ஒரு வேலிச் சண்டையோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலிச் சண்டை என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேலி அடைக்கும் காலத்தில் கிளுவங் கதியால் ஒன்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு சாண் நகர்ந்துவிடும். அதன் பிறகு இரண்டு குடும்பங்களுக்கிடையே தண்ணீர் வென்னீர் புழங்காது. நான் சொல்லும் சண்டை அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் வந்தது. ஒரு முழ அகல நிலத்துக்காக வழக்கு. ஆறு வருடம் இருவரும் முகம் பார்க்கவில்லை. அப்புக்காத்துமாருக்குக் காசு கட்டுவதற்காக அண்ணன் தோட்டக் காணியை ஈடு வைத்தார். தம்பி மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாவற்றையும் விற்றார்.

அவர்கள் இருவருக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த சட்டம்பியார் ஒருவர் இருந்தார். ஒரு நாள் பின்னேரம் இருவரையும் கோயில் வீதிக்குக் கூப்பிட்டு அவர் சொன்ன வார்த்தை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. “தம்பியவை, கோட்டிலை ஆர் வெண்டாலும் விக்கப்படுகிறது உங்கடை கொப்பற்றை காணிதான்.”

தம்பி சற்று நேரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “அரை முழத்தோடை விடுறன், வாத்தியார்” என்றார். அண்ணனும் மறுபேச்சுப் பேசவில்லை. வழக்கு முடிந்தது. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? தம்பியைப் ‘பேயன்’ என்றது. ‘வெல்லப்போற வழக்கைப் பயந்து விட்டவன்’ என்றது. சில வருடங்களின் பின் அவர்களுடைய தாயார் காலமானார். அப்போது அண்ணனும் தம்பியும் ஒன்றாக நின்று, ஒரே முற்றத்திலிருந்து பாடையைத் தூக்கினார்கள். பேயன் என்று சொன்னவர்களும் அந்த முற்றத்திலே நின்றுதான் பார்த்தார்கள்.

நேயர்களே, விட்டுக்கொடுப்பவன் கோழையா, விவேகியா என்ற கேள்வி வேலியோடு நின்றுவிடுவதில்லை. நாட்டு அரசியலில் அது இன்னும் கூர்மையான கேள்வி. உரத்துப் பேசுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. ‘கொஞ்சம் பொறுங்கள், மற்றவன் பக்கத்தையும் பார்ப்போம்’ என்பவனுக்குப் பட்டங்கள் கிடைக்கின்றன. அவை நல்ல பட்டங்கள் அல்ல. இந்தக் கேள்விக்குப் பழந்தமிழ் இலக்கியம் என்ன விடை தருகிறது என்பதையே இன்று நோக்கப்போகிறோம்.

1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டார். அதிலுள்ள 400 பாடல்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வீரத்தையே எடுத்துப் பேசுகிறோம். மகனைப் போருக்கு அனுப்பிய தாய், மார்பிலே புண்பட்டு வீழ்ந்த மறவன், இவையே மேடைகளில் முழங்குகின்றன. அதே நூலுக்குள்ளே ‘துணைவஞ்சி’ என்றொரு துறை இருப்பதை அதிகம் பேசுவதில்லை. வெல்லவோ கொல்லவோ புறப்பட்டு நிற்கும் ஒருவனிடம் தக்கது சொல்லிச் சந்து செய்விப்பதே துணைவஞ்சி. போரைப் பாடிய சமுதாயம், போரைத் தடுத்த பேச்சுக்கும் இலக்கணத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. இது மனங்கொள்ளத்தக்கது.

இந்தத் துறையில் தலைசிறந்து நிற்பவர் கோவூர் கிழார். சோழர் குடியில் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று இருவர். இருவருக்கும் பகை. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருக்கிறான். அந்த நேரத்தில் இடையிலே சென்று நின்ற புலவர் என்ன சொன்னார்? எதிரே நிற்பவன் சேரனுக்குரிய பனம்பூவைச் சூடியவனா? இல்லை. பாண்டியனுக்குரிய வேம்பைச் சூடியவனா? அதுவும் இல்லை. உன் தலையில் இருப்பதும் ஆத்தி மாலை, அவன் தலையில் இருப்பதும் ஆத்தி மாலை. உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது உலகத்தில் நடக்காத காரியம். உங்கள் சண்டையைக் கண்டு உடல் பூரிக்கப்போகிறவர்கள் மற்ற வேந்தர்கள். 45ஆம் பாடலின் கருத்து இவ்வளவுதான். எங்கள் சட்டம்பியார் புறநானூறு படித்தவரோ இல்லையோ, கோயில் வீதியில் அவர் சொன்னது இதைத்தான்.

இதை மட்டும் படித்துவிட்டுக் கோவூர் கிழார் எப்போதும் அடங்கிப்போகச் சொல்பவர் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இதற்கு முந்திய 44ஆம் பாடலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே முற்றுகைக்குள்ளான ஊர் ஆவூர். உள்ளே அடைபட்டுக் கிடப்பவன் அதே நெடுங்கிள்ளி. புலவர் அவனிடம் நேரே பேசுகிறார். குளத்தில் படிந்து குளிக்க வழியில்லாமல், நெய் கலந்த கவளமும் கிடைக்காமல், யானைகள் பெருமூச்செறிந்து இடியென முழங்குகின்றன. பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள். தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து அழுகுரல் கேட்கிறது. நீயோ உள்ளே இனிதாக இருக்கிறாய். அறத்தை வேண்டுவாயானால், ‘இது உன்னுடையது’ என்று சொல்லிக் கதவைத் திற. மறத்தை வேண்டுவாயானால், போருக்கென்று கதவைத் திற. இரண்டுமில்லாமல் மதிலின் ஒரு மூலையிலே ஒடுங்கிக் கிடப்பது வெட்கத்துக்குரியது.

நேயர்களே, இதிலே ஒரு நுட்பம் உண்டு. கோழைத்தனம் என்று புலவர் எதைச் சொல்கிறார்? விட்டுக்கொடுப்பதை அல்ல. விட்டுக்கொடுப்பதற்கு அவர் வைத்த பெயர் அறம். போரிடுவதற்கு வைத்த பெயர் மறம். இரண்டும் கதவைத் திறக்கும் செயல்கள். இரண்டுக்கும் துணிவு வேண்டும். கதவைத் திறக்காமலே இருந்து, தன் பிடிவாதத்தின் விலையைப் பாலில்லாத குழந்தைகள் செலுத்தும்படி விடுவதுதான் அவர் கண்ட கோழைத்தனம். அந்த இருப்பு வெளிப்பார்வைக்கு உறுதியைப் போலத் தோன்றும். மதில் உயரமாக இருக்கிறது, கதவு திண்மையாக இருக்கிறது. ஆனால் மதிலுக்குள்ளே நடப்பதைப் பார்த்தவர் புலவர்.

இந்தப் புலவரின் பேச்சை அரசர்கள் கேட்டார்களா? 45ஆம் பாடல் அதைச் சொல்லவில்லை. ஆனால் நெடுங்கிள்ளிக்கு வரலாறு இட்ட பெயர் ‘காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி’ என்பது. காரியாறு என்ற இடத்தில் அவன் இறந்தான் என்பதைப் பெயரே சொல்கிறது. போரிலே இறந்தான் என்றே ஆராய்ச்சியாளர் கருதுவர். சந்து சொன்னவரின் வாக்கு அன்று முழுப்பயன் தரவில்லை என்றே கொள்ளலாம். அதனால் அவருடைய வாக்குப் பிழையாகிவிடுமா? குடி தோற்கும் என்றார். குடிதான் தோற்றது.

இன்னொரு காட்சியைப் பாருங்கள். கோப்பெருஞ்சோழனுக்கு எதிராக அவனுடைய புதல்வர் இருவர் கிளம்புகிறார்கள். தந்தை படையோடு புறப்பட்டுவிட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் அவனைத் தடுக்கிறார். 213ஆம் பாடல். உன்னை எதிர்த்து வருபவர்கள் சேரரும் அல்லர், பாண்டியரும் அல்லர். நீ மறைந்தபின் இந்த அரசு அவர்களுக்கே உரியது. அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு வைத்துப் போவாய்? நீ தோற்றால் உன் பகைவர் மகிழ்வார்கள், பழி ஒன்றுதான் உனக்கு எஞ்சும். இப்படி ஒரு கணக்கைப் புலவர் அரசன் முன்னே வைக்கிறார். சோழன் போரைக் கைவிட்டான். ஆனால் அவன் அரண்மனைக்குத் திரும்பிச் சுகமாக இருக்கவில்லை. வடக்கிருந்து உயிர் நீத்தான். அவன் விட்டுக்கொடுத்ததற்குக் கொடுத்த விலை அவனுடைய உயிர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சமாதானத்தைப் புகழ்பவர்கள் சில வேளை அதை மலிவான பொருளாகக் காட்டிவிடுகிறார்கள். அது மலிவான பொருள் அல்ல. போரைப் போலவே அதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டும். கோப்பெருஞ்சோழன் அந்த விலையைத் தானே கொடுத்தான், மற்றவர்கள் தலையில் சுமத்தவில்லை.

அப்படியானால் எதையும் பாதிக்குப் பாதி பிரித்துவிடலாமா? அதற்கும் கோவூர் கிழாரே விடை தருகிறார். கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக்காலில் இடப் போகிறான். அந்தக் குழந்தைகள் யானையைப் பார்த்த வியப்பிலே அழுகையை மறந்துவிட்டார்கள். பிறகு சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து மருளுகிறார்கள். புலவர் இடையே வந்து பேசுகிறார். நீ புறாவின் துயரைத் தீர்த்தவன் மரபிலே வந்தவன், இவர்களோ புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்து உண்டவர் மரபிலே வந்தவர்கள் என்கிறார். கேட்டாயானால் நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கிறார். ‘ஒரு பிள்ளையை விட்டுவிடு’ என்று அவர் பேரம் பேசவில்லை. கொலைக்கும் கொலை செய்யாமைக்கும் நடுவிலே ஓர் இடம் இல்லை என்பதை அவர் அறிவார். நிலத்திலே பாதி உண்டு, வரியிலே பாதி உண்டு, அதிகாரத்திலே பாதி உண்டு. உயிரிலே பாதி இல்லை. பிள்ளைகள் உயிர் தப்பினார்கள் என்று பாடலின் அடிக்குறிப்புக் கூறுகிறது.

பாரதக் கதையிலும் இந்தக் கேள்வி வருகிறது. கண்ணன் தூது செல்லப் புறப்படும்போது, வியாசர் பாரதத்தில் வீமன் சாந்தமாகப் பேசுகிறான். குலம் அழியாதபடி துரியோதனனோடு மெதுவாகப் பேசு என்கிறான். உடனே கண்ணன் அவனைச் சீண்டுகிறான். மலை கனம் இழந்ததுபோல, நெருப்புக் குளிர்ந்ததுபோல இருக்கிறதே, பயந்துவிட்டாயா என்று கேட்கிறான். வீமனுக்குக் கோபம் வருகிறது. என் பேச்சு அச்சத்தால் வந்ததல்ல, இரக்கத்தால் வந்தது என்று மறுமொழி சொல்கிறான். வீமனையே பயந்தவன் என்று கேட்டுவிட்டால், மற்றவர்கள் எம்மாத்திரம்? அந்தத் தூது பலிக்கவில்லை. ஐந்து ஊர் கேட்டவர்களுக்கு ஊசிமுனை நிலமும் கிடையாது என்றான் துரியோதனன். பலிக்காது என்று தெரிந்தும் ஏன் போனாய் என்ற கேள்விக்குக் கண்ணன் விதுரனிடம் சொன்ன விடை, தடுக்கக்கூடியவன் தடுக்காமல் இருந்தான் என்று உலகம் சொல்லக்கூடாது என்பதுதான்.

நேயர்களே, இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க எங்கள் நாட்டில் எவருக்கும் மனம் வராது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இருவரும் தாம் கேட்டதில் குறைத்துக்கொண்டார்கள். இருவரையும் அவரவர் பக்கத்திலேயே சிலர் குறை கூறினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அதற்கு எதிராக ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குமார் வந்து அமர்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே கலவரம் மூண்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்பாடும் நிறைவேறவில்லை. அதன் பின் நடந்தவற்றையும், 2009 வரை நீடித்த போரையும் நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதன் கணக்கு இருக்கிறது.

இந்த வரலாற்றைக் காட்டி, ‘பார்த்தீர்களா, விட்டுக்கொடுத்து என்ன கண்டோம்’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் உள்ள வேதனையை நான் மறுக்கவில்லை. ஏமாற்றப்பட்டவனிடம் போய்ப் பொறுமையைப் போதிப்பது எளிது. அந்தப் பொறுமை அவனுக்கு எளிதல்ல. ஆயினும் நிதானமாகப் பார்த்தால், அன்று தோற்றது இணக்கம் அல்ல. இணங்கியதை நிறைவேற்றும் துணிவு தோற்றது. கையொப்பம் இட ஒரு நாள் துணிவு போதும். வாசலிலே கூட்டம் வந்து கூச்சலிடும்போது அந்தக் கையொப்பத்தைக் காப்பதற்குத்தான் பெருந்துணிவு வேண்டும். நலங்கிள்ளிக்குச் சொன்னது அதிகம் பொருந்துவது வலிமை உள்ளவனுக்கே. முற்றுகையிட்டு நிற்பவன் பின்வாங்காவிட்டால், உள்ளே இருப்பவன் கதவைத் திறப்பதை இணக்கம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே கோழைத்தனமா விவேகமா என்பதை, விட்டுக்கொடுத்தான் என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அவன் கொடுத்தது தன்னுடையதா, மற்றவனுடையதா? அதற்கான விலையைத் தான் கொடுத்தானா, பாலில்லாத குழந்தையின் மேல் சுமத்தினானா? கொடுத்த வாக்கைக் காப்பதற்கு நின்றானா? இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பகையையும் நட்பாக ஆக்கிக்கொள்ளும் பண்புடையவனின் பெருமையிலே உலகம் தங்கியிருக்கிறது என்று வள்ளுவர் பகைத்திறம் தெரிதல் என்ற அதிகாரத்தில் கூறுகிறார். அதைத் துறவிக்கான அதிகாரத்தில் அவர் வைக்கவில்லை. அரசனுக்குரிய பொருட்பாலிலே வைத்திருக்கிறார்.

எங்கள் ஊர் அண்ணன் தம்பியின் வேலி பிறகு எப்படி ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். அரை முழம் தள்ளிப் புதுக் கதியால் போட்டார்கள். அடுத்த மாரியிலே அது தளிர்த்தது. அதன் நடுவே ஒரு சின்னப் படலையும் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் அதன் வழியாகத்தான் ஓடித் திரிந்தார்கள்.