அடுப்படிக் கணக்கு

(மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வேலைநாள், கொழுந்து நிறுவை பற்றியெல்லாம் நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். சங்கக் கூட்டத்தில் பேச இதுவா விஷயம் என்று யாராவது நினைக்கலாம். நாம் வாங்கும் சம்பளத்தில் பெரும்பங்கு எங்கே போகிறது? அடுப்படிக்குத்தானே! அப்படியானால் சம்பளப் பேச்சும் அடுப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விடியற்காலை நாலரை மணிக்கே லயத்தில் புகை எழும்பிவிடுகிறது. மா குழைத்து, தேங்காய் இருந்தால் துருவிப் போட்டு, ரொட்டி தட்டுகிறோம். அம்மியில் காய்ந்த மிளகாய், உப்பு, வெங்காயம் வைத்துச் சம்பல் அரைக்கிறோம். பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு, மலைக்குக் கொண்டுபோக இரண்டு, பிள்ளைக் காம்பராவில் விடுகிற குழந்தைக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கட்டுகிறோம். எல்லோருக்கும் கட்டிய பிறகு, நின்றபடியே சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறவள் அம்மாதான்.

பாடசாலை இடைவேளையில் சில பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவதை நாம் பார்க்கிறோம். உள்ளே இருப்பது ரொட்டியும் சம்பலும். பிள்ளைகளே, அந்த மூடியை முழுவதும் திறந்து வைத்துச் சாப்பிடுங்கள். அந்த ரொட்டிக்குப் பெரிய வரலாறு இருக்கிறது.

நம் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தபோது கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோறும் சாப்பிட்டவர்கள். ரொட்டி அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அல்ல. தோட்டத்தில் அவர்களுக்கு அரிசி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. அரிசி ரேஷனுக்கு வந்தது, கூடவே கோதுமை மாவும் வந்தது. முன்பின் பழகாத அந்த மாவைத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குழைத்து, தட்டி, கல்லில் சுட்டு, குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் நம் பாட்டிமார், பூட்டிமார்.

1973, 74 பஞ்சத்தை இன்னும் பெரியவர்கள் சொல்வார்கள். ரேஷன் அரிசியும் மாவும் குறைந்தன. வெளியில் வாங்கக் காசில்லை. மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, கிடைத்த கீரை எல்லாவற்றையும் அவித்துச் சாப்பிட்டார்கள். அதுவும் கிடைக்காமல் தோட்டங்களில் பலர் இறந்துபோனார்கள். நம் வீடுகளில் இன்றும் ஒரு துண்டு ரொட்டியை வீசினால் பாட்டிக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லிவிட முடியுமா? பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 இல் நாள் சம்பளம் 1,000 ரூபாயானது. அடுத்த வருடமே பொருளாதார நெருக்கடி வந்தது. ஒரு கிலோ மா 400 ரூபாய் வரை ஏறியது. ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு வேளை ரொட்டிக்கு ஒன்றரைக் கிலோ மா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவுக்கு மட்டும் 600 ரூபாய்! மிச்சம் 400 ரூபாயில் தேங்காய், பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, பிள்ளையின் கொப்பி எல்லாம் வாங்க வேண்டும். போராடி வாங்கிய உயர்வை மா மூட்டையே விழுங்கிவிட்டது.

இதன் பலன் பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016 இல் அரசாங்கம் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் 100க்கு ஏறத்தாழ 32 பேர். ரொட்டி பசியை அடக்கும். ஆனால் வளர்கிற பிள்ளைக்கு முட்டை, பருப்பு, மீன், கீரை, பால் வேண்டும். இதை வாங்கத் தெரியாமல் யாரும் விட்டுவிடவில்லை, வாங்குவதற்குக் கையில் காசில்லை.

தாய்மார்களே, சாப்பாடு என்றால் கஷ்டம் மட்டும்தானா? மழை விடாமல் பெய்கிற நாளில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவித்த மரவள்ளியைக் கட்டச்சம்பலோடு தொட்டுத் தின்கிற சுகம் எந்தப் பங்களாவில் கிடைக்கும்? மார்கழிக் குளிரில் பஜனை முடிந்து உள்ளங்கையில் வாங்குகிற சூடான சுண்டலுக்காகவே பிள்ளைகள் இருட்டில் எழும்பி வருகிறார்கள். தைப்பொங்கலன்று வாசலில் பானை பொங்கும்போது பக்கத்துக் காம்பராவும் சேர்ந்து குலவை போடுகிறது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி லயம் முழுவதும் முறுக்கு வாசம். திருவிழாவில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இவையெல்லாம் நம் வாழ்க்கையின் பாகம்.

ஆனால் இந்தச் சந்தோஷங்களுக்கு எங்கிருந்து காசு வருகிறது? தீபாவளி அட்வான்ஸ் வருகிறது. அது யாரும் தருகிற அன்பளிப்பு அல்ல. அடுத்து வரும் மாதங்களில் நம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் பலகாரத்துக்குப் பல மாதம் கட்டுகிறோம். வருடத்தில் நாலு நல்ல நாளைக் கடனில்லாமல் கொண்டாட முடிந்தால்தான் அதை வாழ்வதற்கேற்ற சம்பளம் என்று சொல்ல முடியும்.

இன்னொரு விஷயம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலம். போஞ்சி, கிழங்கு, கரட், வல்லாரை, நாலு மிளகாய்ச் செடி என்று அதில் போட்டு, பல வீடுகள் கறிச் செலவைக் குறைக்கின்றன. மரத்தக்காளி ஒன்று நின்றால், அதைத் தணலில் சுட்டுச் சம்பலில் சேர்க்கலாம். ஆனால் அந்த நிலத்துக்கு நம் கையில் எழுத்து எதுவும் இல்லை. வாய்ச்சொல்லில் கொடுத்ததை வாய்ச்சொல்லிலேயே திருப்பிக் கேட்கலாம். புதிய வீட்டுத் திட்டங்களில் காணியும் தருவது என்ற கணக்கு வந்திருக்கிறது. அதற்கான உறுதிப் பத்திரம் ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் வரவேண்டும். வீட்டோடு ஒரு மரக்கறிப் பாத்திக்கும் இடம் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

இப்போது நாம் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறோம். நம் ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் கடைக்காரரின் கடன் கொப்பியில் இருக்கிறது. நம் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு கொப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். மா எத்தனை கிலோ, அரிசி எத்தனை, தேங்காய் எத்தனை, என்ன விலை, எவ்வளவு கடன் என்று தினமும் எழுதுங்கள். முட்டை வாங்கிய நாளையும், வாங்க முடியாமல் திரும்பிய நாளையும் குறியுங்கள். ராத்திரி அம்மா என்ன சாப்பிட்டாள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். அந்த வரியைப் பிள்ளைதான் எழுத வேண்டும், ஏனென்றால் அம்மாவைக் கேட்டால் "நான் சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வாள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பாட்டி, அப்பாயி, அம்மாயி யாராவது செய்கிற பழைய சாப்பாடு ஒன்றின் செய்முறையை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வாருங்கள். பஞ்ச காலத்தில் எதைச் சமைத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பது அவர்களோடு போய்விடக் கூடாது.

சம்பள நிர்ணய சபையில் கம்பனிகள் உற்பத்திச் செலவு, ஏல விலை என்று தாள் தாளாகக் கணக்கு வைக்கின்றன. நம் பக்கத்திலிருந்தும் கணக்கு போக வேண்டும். ஒரு கிளையிலிருந்து ஐம்பது கொப்பிகள் வந்தாலே, ஒரு குடும்பம் சாப்பிட எவ்வளவு தேவை என்பதை நம் பேச்சாளர்கள் மேசையில் வைத்துப் பேசலாம்.

கொப்பி இல்லாத வீடுகள் கிளைத் தலைவியிடம் பெயர் கொடுங்கள். எழுத ஆளில்லாத வீடுகளுக்கு மேல் வகுப்புப் பிள்ளைகள் வந்து எழுதித் தருவார்கள். பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கொப்பிகளையும் கொண்டுவந்து, இதே இடத்தில் கூட்டிப் பார்ப்போம். வரும்போது வீட்டுக்கு இரண்டு ரொட்டியும் கொஞ்சம் சம்பலும் எடுத்து வாருங்கள். சேர்ந்து சாப்பிட்டுவிட்டே கணக்குப் பார்ப்போம்.