உதட்டில் ஒரு புள்ளி

கும்பகோணம் வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கொப்பளித்தால் வெளுத்துவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கடுகளவு கரும்புள்ளிகள் இருக்கும், தேய்த்தாலும் போகாது. ‘மச்சக்காரன்’ என்று பாட்டி பூரித்துப்போவார்.

அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வயிறு சுருட்டிப் பிடித்தால், மலத்தில் ரத்தம் தென்பட்டால், மச்சம் என்று விட்டுவிடாதீர்கள். பீட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். 1921-இல் நெதர்லாந்து மருத்துவர் பீட்ஸ் ஒரே குடும்பத்தில் கண்டு எழுதியது. குடலுக்குள் காம்புள்ள கட்டிகள் முளைக்கும். சில சமயம் குடல் தனக்குள் தானே செருகி அடைத்துக்கொள்ளும். வயது ஏற ஏற, குடலில் மட்டுமல்ல, மார்பகத்திலும் கணையத்திலும் புற்றுநோய் ஆபத்து கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியவர்களுக்கு உதட்டுப் புள்ளி மங்கியிருக்கும். கன்னத்தின் உட்புறம் பார்க்க வேண்டும்.

எட்டு வயதிலேயே எண்டோஸ்கோபி பார்த்து, கட்டிகளை அவ்வப்போது எடுத்துவிடலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. வீட்டில் ஒருவருக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.