ஆழமா, அகலமா?

பொறியியல் பயிலப் புகுவோர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒரு துறையில் தனித் தேர்ச்சி பெறுவதா? பல துறைகளையும் பொதுவாகக் கற்பதா? ஒரு பாலத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டக்கோமா நகரருகே, 1940 ஜூலையில் ஒரு தொங்கு பாலம் திறக்கப்பட்டது. இரு கோபுரங்களுக்கு இடையே அதன் நீளம் 2,800 அடி. அதனை வகுத்த லியோன் மொய்செயிப் அக்கலையில் தலைசிறந்தோருள் ஒருவர். ஆயினும் நான்கே மாதங்களில், நவம்பர் 7 அன்று, மணிக்கு ஏறத்தாழ 42 மைல் வேகத்தில் வீசிய காற்றில் பாலத்தின் தளம் முறுகி ஆடி, அறுந்து வீழ்ந்தது. காற்று தள்ளும் விசையைக் கணக்கிட்டிருந்தனர். காற்றும் ஆடும் தளமும் ஒன்றையொன்று தூண்டி ஆட்டத்தைப் பெருக்கும் என்பதை எண்ணினாரில்லை. விமானம் அமைப்போர் அத்தகைய ஆட்டத்தை அன்றே அறிந்திருந்தனர்.

அங்ஙனமாயின் தனித் தேர்ச்சி வீணோ? அன்று. 1950இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் வல்லுநர்களே அமைத்தனர். ஆனால், மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பின்னரே அமைத்தனர். எல்லாவற்றிலும் சிறிது சிறிது அறிந்தவரால் அது இயலாது.

ஆதலின், முதலாண்டுகளில் கணிதம், பௌதிகம், விசையியல் ஆகிய அடிப்படைகளைக் குறைவறக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு துறையில் ஆழ்ந்து செல்லுங்கள். அயல்துறைப் பாடம் ஒன்றையேனும் உடன் பயிலுங்கள். ஆழக் கிணறு தோண்டுவோன் வாயை அகலமாகவே வெட்டுகிறான். இல்லையேல் பக்கம் சரியும்.